பூவுக்கு மல் துணி

மரம் பூக்கப் போகிறது, அதனால் சித்திரையில் வர முடியாது என்று என் கணவர் எழுதியிருந்தார். 1976ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில் வந்த கடிதம் அது. நானும் பல சாக்குகளைக் கேட்டு வளர்ந்தவள்தான். கப்பல் கிடைக்கவில்லை, முதலாளி விடவில்லை, கடையை ஒப்படைக்க ஆள் வரவில்லை என்றெல்லாம் எங்கள் பக்கத்து ஆண்கள் கடலுக்கு அப்பாலிருந்து எழுதுவார்கள். மரம் பூப்பதால் வர முடியவில்லை என்று நெற்குப்பையில் வேறு ஒருத்திக்கும் கடிதம் வந்ததில்லை.

"இந்த மரங்கள் நம் ஊர் வேம்பு மாதிரி வருஷா வருஷம் பூப்பவை அல்ல. ஐந்து வருஷமோ எட்டு வருஷமோ சும்மா நின்றுவிட்டு, திடீரென்று காடு முழுக்க ஒன்றாகப் பூக்கும். இப்போது அரும்பு கட்டிவிட்டது. இதற்காகத்தான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன்" என்று எழுதியிருந்தார். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. அவர் மரத்துக்காக இரண்டு வருஷம் காத்திருந்தாராம். நான் எதற்காகக் காத்திருந்தேனாம்?

என் கணவர் பெயர் மெய்யநாதன். மெட்ராஸில் தாவரவியல் படித்தவர். கல்யாணமான எட்டாம் மாதம் மலேசியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துப் புறப்பட்டுவிட்டார். காடு, மழை, மண், பூச்சி இவையெல்லாம் ஒன்றை ஒன்று எப்படி நம்பி இருக்கின்றன என்பதைப் பற்றிய படிப்பாம். காகிதத்தில் சூழலியல் என்று இருந்தது, ஊரில் காட்டுப் படிப்பு என்றார்கள். பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படித்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். பகாங் பக்கம் ஒரு மழைக்காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் அரை நாள், ஆற்றில் படகு, அப்புறம் நடை. அங்கே நாலு மரக்குடில்களும் ஒரு ஜெனரேட்டரும் அட்டைகளும்தான் உண்டு என்று எழுதுவார். பத்து நாளைக்கு ஒரு தடவை படகு வந்து தபால் எடுத்துப்போகுமாம்.

இந்தப் பக்கம் பெரிய வீட்டில் நானும், அயித்தை என்று நான் கூப்பிடும் என் மாமியார் சிட்டாள் ஆச்சியும் மட்டும். எங்கள் வழக்கப்படி கல்யாணமான ஆறாம் மாதமே எங்களை வேறு வைத்துவிட்டார்கள். ஒரே கூரைதான், ஆனால் மகனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பு, தனி அரிசி, தனிப் பாத்திரம். அவர் போன பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. நடு முற்றத்தைச் சுற்றிய வளவின் அந்தக் கோடியில் அயித்தை தனக்கு மட்டும் சோறு வடிப்பார். இந்தக் கோடியில் எனக்கு மட்டும் நான் வடிப்பேன். இருபது பேருக்கு வடிக்கக்கூடிய என் கலியாணச் சாமான்கள் மேலே அறையில் அடுக்கியபடியே இருந்தன.

கடிதம் வந்த மறுநாள் மூன்றாம் வீட்டுச் சிகப்பி ஆச்சி வந்தார். ரங்கூனுக்குப் போன கணவருக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தவர், அதனால் இந்த விஷயத்தில் அவர் சொல்லுக்குத் தெருவில் மதிப்பு உண்டு.

"ஏன்டி கண்ணம்மை, காட்டப் படிக்கணும்னா இங்குட்டு பெரான்மலையில காடு இல்லையா? கடலத் தாண்டியா போவாக?" என்றார். பிறகு மெல்லக் கேட்டார். "ஊறுகா கேட்டு எழுதுறாகளா?"

"தையிலேருந்து கேக்கல ஆச்சி."

"ம். கடுதாசியில முந்திப் போடுற தொடக்கம்தானா, இல்ல மாறியிருக்கா?"

முன்பெல்லாம் 'சௌபாக்கியவதி கண்ணம்மைக்கு' என்றுதான் தொடங்கும். இந்தக் கடிதம் 'அன்புள்ள கண்ணம்மைக்கு' என்று தொடங்கியது. முடிவில் 'உன் உடம்பைப் பார்த்துக்கொள்' என்றும் இருந்தது. அதைச் சொன்னதும் சிகப்பி ஆச்சி உதட்டைப் பிதுக்கினார்.

"ஆம்பள கோவமா எழுதுனா பயமில்லடி. பிரியமா எழுத ஆரமிச்சா, அங்க ஒரு அடுப்பு எரியிதுன்னு வச்சுக்க."

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்த அடுப்பு எனக்குள்ளே எரிய ஆரம்பித்துவிட்டது. பாத்திரம் துலக்கும்போதும் கோலம் போடும்போதும் முகம் தெரியாத ஒருத்தி அந்தக் குடிலில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நானே நிறம் கொடுத்தேன், கொண்டை போட்டுவிட்டேன், ஒருநாள் கையில் வளையல்கூட மாட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. "மல் துணி பதினைந்து கெஜம் உடனே விமானத் தபாலில் அனுப்பு. மிக மெல்லியதாக, கஞ்சி போடாததாகப் பார்த்து வாங்கு. இங்கே கிடைப்பதெல்லாம் தடிப்பு. பூங்கொத்துகளை மூடிக் கட்டுவதற்கு வேண்டும்."

சிகப்பி ஆச்சி அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பூவுக்கு எதுக்குடி சட்டை? குளுருதாமா அதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஏழு வயதில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. என் அப்பச்சி, என்னைப் பெற்றவர், அப்போது மலாயாவில் தைப்பிங்கில் இருந்தார். வசம்பு வேண்டும், கடையில் இருக்கும் ஆளுக்கு ஓயாமல் வயிற்று வலி என்று எழுதினார். என் ஆத்தா நல்ல வசம்பாகத் தேடி, துணியில் முடிந்து, டப்பாவில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதைத் தபாலாபீசுக்குத் தூக்கிப்போனவள் நான்தான். வசம்பு எந்த வீட்டில் எதற்காக உரைப்பார்கள் என்று பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆத்தாவுக்கும் தெரியாமல் இல்லை, நம்பிக்கொண்டார், அவ்வளவுதான். தைப்பிங்கில் எனக்கு ஒரு தம்பியும் தங்கையும் இருக்கிறார்கள் என்பது நான் பெரியவளான பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்தச் சேதி வந்த நாளிலிருந்து ஆத்தா எங்கள் வீட்டு அம்மியில் வசம்பை உரைக்க விட்டதில்லை.

இப்போது இவர் மல் துணி கேட்கிறார். கஞ்சி போடாத, மெல்லிய மல் துணி.

மறுநாள் காரைக்குடிக்குப் போனேன். அதுவரை எனக்குள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, மெய்யநாதன் அப்படிப்பட்டவர் இல்லை, சொன்னபடி துணியை அனுப்பு என்றாள். மற்றவள், உன் ஆத்தாவும் அப்படித்தான் அனுப்பினார் என்றாள். கடைக்காரர் துணியை எடுத்துக் கையில் ஓட்டிக் காட்டினார்.

"நல்லா மெத்துனு இருக்குங்க ஆச்சி, ஒறுத்தாது. பிள்ளை பொறந்து எத்தனை நாளாச்சு?"

"தெரியல" என்றேன்.

அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்ததென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடைக்காரர் விழித்தார். நான் துணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து, நேராகத் தந்தி ஆபீசுக்கு நடந்தேன். 'மதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி.' நாலே வார்த்தை. எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுக் குமாஸ்தா அனுதாபத்தோடு கேட்டார்.

"ஆஸ்பத்திரியில சேத்திருக்கீகளாம்மா?"

"வீட்டுலதான் இருக்காக" என்றேன். அது மட்டும் உண்மை. அந்த நேரத்தில் என் அயித்தை வளவில் வெயிலைப் பார்த்து வற்றல் பிழிந்துகொண்டிருந்தார்.

அவரிடம் சொல்லாமல் எத்தனை நாள் மறைப்பது? மூன்றாம் நாள் அவருடைய அடுப்படிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அயித்தை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சாகக் கெடக்கேன்னு அடிச்சிருக்க."

"ஆமா அயித்தை."

"வந்ததும் நான் படுத்துக்கிட்டு மொனங்கணுமாக்கும்?"

பொரிந்த அப்பளத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"பொய்த் தந்தி அடிச்சவ நீ. சீக்கு வேணும்னா நீயே படுத்துக்க" என்றார். திட்டு இன்னும் வரும் என்று நின்றேன். அடுத்த அப்பளத்தைப் போட்டுவிட்டு, குரலை இறக்கி, "எப்ப வருவான்?" என்று கேட்டார். அவருக்கும் இரண்டு வருஷம்தானே.

தந்தி அடித்த ஒன்பதாம் நாள் முற்பகலில் வாடகைக் கார் வந்தது. தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, வாசலில் கூட்டமோ பந்தலோ இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாராம். டிரைவர் பிறகு சொன்னார். ஒரே ஒரு பை. பத்து நாள் தாடி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கணுக்கால் இரண்டிலும் அட்டை கடித்த வடுக்கள் கறுப்பாக அப்பியிருந்தன. செருப்பைக் கழற்றாமல் வளவுக்குள் ஓடி வந்தவர், எதிரே அயித்தை சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஆத்தா?"

"வாப்பா" என்றார் அயித்தை. "எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். ஆத்தா உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் வந்த அழுகை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அந்த முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. தந்தி அடித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார், அது போதுமாக இருந்தது.

குளித்து வந்ததும் என் அடுப்படியில் இலை போட்டேன். நான் அடுக்கி வைத்திருந்த கேள்விகள் நாக்கில் நின்றன. ரசம் வரைக்கும்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கீக?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"மல் துணி கேட்டு எழுதினீகளே, அந்தப் பிள்ளைக்கு."

அவர் மெல்வதை நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. ஊறுகாய் கேட்காதது, அன்புள்ள கண்ணம்மை, வசம்பு, தைப்பிங், கடைக்காரர் கேட்டது எல்லாவற்றையும் கொட்டினேன். சண்டைக்கு வருவார், பொய்யோ மெய்யோ ஏதாவது கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இடக்கையால் பையை இழுத்து, உள்ளேயிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

பக்கம் பக்கமாகத் தேதி, மரத்தின் எண், அதற்கு நேரே இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. எல்லாப் பக்கத்திலும் அதே இரண்டு வார்த்தை. மழையில் நனைந்து மை பரவிய பக்கத்திலும் அதேதான்.

"என்ன எழுதியிருக்கு?"

"அரும்பு இல்ல."

"எல்லாத்துலயுமா?"

"ரெண்டு வருஷமா. தெனமும் காலையில போய்ப் பாத்துட்டு வந்து எழுதுவேன்."

கடைசிப் பக்கங்களில்தான் எழுத்து மாறியிருந்தது. கை அவசரப்பட்டிருந்தது. கடைசித் தேதிக்கு நேரே ஒரு வரிக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"அன்னைக்குத்தான் மொத பூ. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல விரியும், விடியிறதுக்குள்ள உதிந்துரும். நூத்தம்பது அடி ஒசரத்துல. எந்தப் பூச்சி வந்து அதக் காய்க்க வைக்குதுன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. ஏணி கட்டி, மேல பலகை போட்டு வச்சிருந்தேன். நாலு கொத்த மல் துணியால மூடி, நாலு கொத்தத் தெறந்து விட்டா, பூச்சி வந்து காய்க்குதா, தானா காய்க்குதான்னு தெரிஞ்சிரும். கஞ்சி போட்ட துணின்னா மழையில பூஞ்சை புடிக்கும். துணி வரலன்னு என் வேட்டியக் கிழிச்சுத் தச்சு வச்சேன். மறுநாள் படகுல ஒன் தந்தி வந்துச்சு."

பேசப் பேச அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. வாசனை எப்படி இருக்கும் என்றார். காலையில் அந்தப் பூக்கள் சுற்றிச் சுற்றி இறங்கித் தரையை மூடிவிடும் என்றார். கையால் அதைச் சுற்றிக் காட்டினார், கையில் சோறு இருப்பதுகூட மறந்துபோயிற்று. என்னோடு இருந்த எட்டு மாதத்தில் அந்த முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று அப்போது நினைத்தேன். அவளோடு சண்டை போட்டிருப்பேன், தலைமயிரைப் பிடித்து இழுத்திருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன். நூற்றைம்பது அடி மரத்தை நான் என்ன செய்வேன்?

"இப்பவே திரும்பிப் போனா?" என்று கேட்டேன்.

"எம் மரம் பத்து நாளைக்குத்தான் பூக்கும். நான் காட்டுக்குள்ள போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"அடுத்து எப்பப் பூக்கும்?"

"அஞ்சு வருஷமோ, பத்து வருஷமோ. அதச் சொல்லத் தெரிஞ்சா எதுக்கு ரெண்டு வருஷம் காத்துக் கெடக்கேன்."

"அப்ப... இனிமே அங்க போற வேலை இல்லைல?"

கேட்ட பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, அவர் படிப்பைக் கெடுத்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, அது பொய்யில்லை. ஆனால் அதையெல்லாம் மீறி ஒரு சந்தோஷம் வந்து என் குரலில் உட்கார்ந்துகொண்டதை நான் மறைக்க முடியவில்லை. அவர் அதைக் கேட்டுவிட்டார். இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

அவர் திரும்பிப் போகவில்லை. பேராசிரியர்தான் விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தாராம். தாயார் குணமாகிவிட்டாரா என்று அக்கறையாக ஒரு கடிதம் எழுதினார். அந்தப் பூவை வேறொரு மாணவர் ஏணியில் ஏறிப் பார்த்து முடித்துவிட்டதாகவும், இவர் வந்தால் வேறு வேலை தரலாம் என்றும் அதிலேயே இருந்தது. எப்படிப் போய் அந்த மனிதர் முகத்தில் விழிப்பது என்று இவர் பதில்கூடப் போடவில்லை. ஆடியில் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார். காலையில் போவார், மாலையில் வருவார். சிகப்பி ஆச்சி என்னைக் கெட்டிக்காரி என்று தெருவெல்லாம் சொன்னார். "நாங்கள்லாம் ஒம்போது வருசம் ஒக்காந்து அழுதோம். இவ நாலு வார்த்தையில கொண்டாந்துட்டா பாரு."

என்னிடம் அவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. தந்தியைப் பற்றி அதன் பிறகு பேசியதும் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மழை வருகிறது என்று நான் சொன்னால் எழுந்து போய் வானத்தைப் பார்ப்பார். சோறு வெந்துவிட்டது என்றால் மூடியைத் திறந்து பார்ப்பார். அயித்தைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு, அந்தக் கோடிக்குப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் சட்டையைக் கழற்றினார். வேண்டுமென்று செய்யவில்லை. அப்படிச் செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நான் சொன்னா நம்ப மாட்டீகளா?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"நம்புறேனே" என்றார். அதை நான் நம்பவில்லை.

மறு வருஷம் பங்குனியில் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. சந்தேகமாக இருந்ததால் மேலும் இருபது நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு சந்தேகம் இல்லை. என் ஆத்தாவுக்கு எழுதவில்லை, அயித்தையிடம்கூட மூச்சு விடவில்லை. முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும், அவர் கேட்டு என் எதிரே, பூவைப் பற்றிச் சொன்னபோது பார்த்த அந்த முகத்தோடு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மனசுக்குள் பொத்தி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை கல்லூரி இல்லை. பலகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஏதோ ஒன்று கிளம்பியது, நான் பார்த்தேன். கிளம்பி, பாதியில் நின்றுவிட்டது. எழுந்து வளவைக் கடந்து அந்தக் கோடி அடுப்படிக்குப் போனார்.

"ஆத்தா, கண்ணம்மை சொல்றது நெசமா?"

"என்ன சொன்னா?" என்றார் அயித்தை. "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேப்பா."

அவர் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"திங்கக்கெழமை டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன். அவுக பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

திங்கட்கிழமை வரைக்கும் அவர் சந்தோஷப்படாமல் இருந்தார்.